அத்தையின் குரலும் ஏலக்காய் ஸ்டோரும்

எதையும் முழுசாகப் படித்த பிறகே செய்கிற ஆள் நான். என் வாழ்க்கையின் விபத்துகள் எல்லாம் படித்து முடித்த பிறகு நடந்தவை.

போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டத்தில் இருக்கும் என் மாமியார், கல்லூரி நாளில் பாடியவர். கல்லூரி விழாவுக்குப் போட்ட இசைத்தட்டில் அவர் பாட்டு இருக்கிறது. வீட்டில் யாரும் நம்பியதில்லை. போட்டுக் காட்ட பிளேயரும் இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க மாப்ளே. இந்த மனுசன் வாயை அடைக்கணும்" என்றார், மாமாவைக் காட்டி.

மூன்று மாதம் ஆராய்ந்தேன். பெட்டி வடிவ பிளேயரை நிராகரித்தேன் (அதன் கனத்த ஊசி தட்டை உழுதுவிடுமாம்). நல்ல பிளேயர், அதற்குத் தனியாக ஊசி, ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்க ஒரு பெட்டி, அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க இன்னொரு பெட்டி. ஊசி எத்தனை கிராம் அழுத்த வேண்டும் என்று தினமும் விளக்கியதில் என் மனைவி பிறந்த வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். (நானும் கூடவே போனேன், தட்டு அங்கேதான் இருந்தது.)

தட்டில் பூஞ்சை. கழுவினேன். ஈரத்தோடு ஓட்டக் கூடாது என்று படித்திருந்தேன். வெளியே விடாத சாரல், துண்டே காயவில்லை. ஆனால் பச்சை ஏலக்காயையே காயவைக்கும் சூட்டறை (இங்கே அதற்கு ஸ்டோர் என்று பெயர்) பக்கத்திலேயே இருக்கிறதே. அங்கே கம்பிவலைமேல் ஏலக்காய்க்கு நடுவே தட்டை வைத்துவிட்டு, சாப்பிட்டுத் தூங்கினேன்.

எழுந்து பார்த்தபோது நன்றாகக் காய்ந்திருந்தது. பொரித்த அப்பளம் போல நெளிந்தும் இருந்தது. எடுத்துப் பிளேயரில் வைத்தேன்.

"என்ன மாப்ளே, இந்த ஆட்டம் ஆடுது?"

"சுத்தும்போது சரியாயிரும் அத்தை."

ஊசி, மெட்டு மலைப்பாதையில் லோடு ஜீப் போல ஏறி இறங்கியது. அத்தையின் குரலும் கூடவே போனது. நான் தேர்ந்தெடுத்த உபகரணம் உத்தமமானது. ஒரு நெளிவைக்கூட விடாமல் பதிந்தது.

மாமா கண்ணை மூடி முழுக்கக் கேட்டார். "அப்பவே இப்பிடித்தானா?" என்றார்.

இன்றும் விருந்தாளி வந்தால் அத்தை அந்தப் பாட்டை ஓடவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். குரலில் கோணல் இல்லை, கோணல் தட்டில்தான் என்று நான் சாட்சி சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் மாமா விருந்தாளி பக்கம் சாய்வார்.

"மாப்ளே பொய் சொல்ற ஆளில்ல. மாமியாருன்னா கொஞ்சம் பயம், அம்புட்டுத்தான்."