நாற்காலியில் மாட்டிக்கொண்ட கூடாரத்தார்

உட்காருவதைப் பற்றி வாழ்நாள் முழுவதும் நின்றுகொண்டே யோசித்த மனிதர் இந்தக் கெடா மாநிலத்தில் ஒருவர்தான் உண்டு. எங்கள் தோட்டத்தில் அவரைக் கூடாரத்தார் என்றார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும்போது, அந்தப் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்பவர் விலாவில் இடித்த பிறகுதான் அது தன்னுடையது என்று அவருக்கே ஞாபகம் வரும்.

சிடாம் கிரி ஊரையும் தாண்டி உள்ளே, செம்மண் சாலை சலித்துப்போய் நின்றுவிட்ட இடத்தில் எங்கள் தோட்டம். கூடாரத்தாருக்கு அங்கே பால்மரம் வெட்டும் வேலை, அதாவது கித்தா என்கிற ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. வரிசை வீடுகளான லயத்தில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அங்கே அவர் தும்மினால் இங்கே என் அம்மா "நூறு" என்பார். அந்த லயத்திலிருந்து சுங்கை பட்டாணி ஆங்கிலப் பள்ளிக்குப் பஸ் ஏறிப் போன முதல் பெண் நான்தான். இது யாருக்கும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சேற்றிலும் சப்பாத்தைக் கழற்றாமல் நடப்பேன்.

கூடாரத்தார் கெட்டுப்போனது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையால். ஒருமுறை துரை தம் குடும்பத்தோடு ஆற்றோரம் கூடாரம் அடித்துத் தங்கினார். சாமான் தூக்கப் போனவர்களில் இவரும் ஒருவர். போகும்போது நல்ல மனிதராகத்தான் போனார். திரும்பி வந்ததும் மனைவி பாக்கியம் அத்தையிடம் அவர் பேசியது பலகைச் சுவர் வழியாக எங்களுக்கும் கிடைத்தது.

"பாக்கியம், துரைக்கு எம்மாம் பெரிய பங்களா இருக்கு! அத விட்டுட்டுத் துணி வீட்டுல வந்து உக்காந்திருக்கான்லா. எதுக்கு? சும்மா உக்கார்றதுக்கு!"

"பங்களா ஒழுகுதோ என்னமோ."

"ஒழுகல. ஆளுக்கு ஒரு நாக்காலி. புருசன் பொஞ்சாதி புள்ளைங்க எல்லாம் ஆத்தப் பாத்துக்கிட்டே கெடக்குறாங்க. நாமளும் ஒரு தடவ போவோம்."

"நம்ம வீடு இருக்கிற லச்சணத்துக்கு இதுவே கூடாரந்தான். பேசாம படுங்க."

அவர் பேசாமல் படுத்தார். ஆனால் தூங்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்.

வெளியார் இதைப் புரிந்துகொள்ள ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் உட்காருவது என்பது ஒரு தற்காலிக ஏற்பாடு. பெரிய கிராணியார், அதாவது ஆபீசில் கணக்கெழுதும் பெரியவர், சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். சோற்றில் கை இருந்தாலும் எழ வேண்டும். கையில் பிள்ளை இருந்தால் பிள்ளையோடு எழ வேண்டும். முட்டி வலி என்று ஒருவர் வாசற்படியிலேயே இருந்துவிட்டார். மறுநாள் அவருக்கு மலைச்சரிவில் மரம் கொடுத்தார்கள். துணைக்கு அட்டைகளையும் கொடுத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் லயத்தில் முட்டி வலியே யாருக்கும் வந்ததில்லை. வைத்திய உலகம் கவனிக்கத் தவறிய அற்புதம் அது.

"உங்க அத்த கல்யாணம் கட்டி வந்ததிலேருந்து ஒரு தடவகூட முழுசா உக்காந்து நான் பாத்ததில்ல புள்ள," என்றார் கூடாரத்தார் என்னிடம். "பாதிதான் உக்காருவா. காது வாசப்பக்கமே இருக்கும். யாருக்கும் எந்திரிக்க வேணாத எடத்துல அவள ஒரு தடவ உக்கார வைக்கணும்."

இதற்கு ஒரு பாயும் கொஞ்சம் தூரமும் போதும் என்று நீங்களும் நானும் நினைப்போம். நாம் சாதாரண மக்கள். அவருக்குக் கூடாரம் வேண்டியிருந்தது. அதிலும் குறையில்லாத கூடாரம்.

சுங்கை பட்டாணியில் பட்டாளத்தார் கழித்த சாமான்களை விற்கும் சீனர் கடை ஒன்று இருந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார். நான் கடை முதலாளியான தவுக்கேயிடம் என் உயர்ந்த ஆங்கிலத்தில் விசாரித்தேன். தவுக்கே சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு கூடாரத்தாரும் தவுக்கேயும் மலாயில் பேசிச் சிரித்து, என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட அவ்வளவு குறை கண்டுபிடிக்க மாட்டார்கள். முதல் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக் கண்ணை மூடி, குறட்டை விட்டுப் பார்த்தார். குறட்டை உள்ளேயே சுற்றுகிறதாம், காற்றோட்டம் போதாது. இரண்டாவது உயரம் குறைவு. "குனிஞ்சே மரம் வெட்டுறவ, இங்கயும் வந்து குனியணுமா?" என்று கேட்டார். மூன்றாவது நல்ல உயரம். ஆனால் பச்சை நிறம்.

"பச்சைன்னா என்ன மாமா?"

"காலையில கண்ணத் தொறந்தா கித்தாக் காட்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும். அலறி அடிச்சிக்கிட்டு வாளியத் தேடுவா."

பட்டாளத்தில் பச்சையைத் தவிர வேறு நிறம் இல்லை என்று தவுக்கே சத்தியம் செய்தார். கடைசியில் வெயிலில் கிடந்து வெளுத்து, என்ன நிறம் என்று அதற்கே மறந்துபோன ஒரு கூடாரம் அகப்பட்டது. நிமிர்ந்து நிற்கலாம், இரண்டு பக்கமும் காற்று வரத் துணியைச் சுருட்டிக் கட்டலாம். கூடாரத்தார் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நாற்காலிக்கு அவர் வைத்திருந்த சோதனை வேறு. "உக்காரு புள்ள," என்றார். மடக்கு நாற்காலி ஒன்றில் ஆங்கிலப் பள்ளி மாணவிக்கு உரிய கம்பீரத்தோடு உட்கார்ந்தேன். திடீரென்று என் காதருகே கத்தினார்:

"பெரிய கிராணி வர்றாரு!"

நான் துள்ளி எழுந்துவிட்டேன். தோட்டம் எங்கேயோ இருக்கிறது. நான் நிற்பதோ சீனர் கடையில். காலில் சப்பாத்து, தலையில் இலக்கணம். இருந்தும் எழுந்துவிட்டேன்.

"பாத்தியா? இந்த நாக்காலி சரியில்ல," என்று அதை ஒதுக்கிவிட்டார் அந்த நீதிபதி.

இப்படி ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார வைத்துக் கத்தினார். ஒவ்வொன்றிலிருந்தும் துள்ளினேன். கடைக்கு வந்த சனங்கள் வாங்க வந்ததை மறந்து என்னைப் பார்த்தார்கள். கடைசியாக, மரச் சட்டத்தில் கித்தான் துணி தொங்கும் ஒரு சாய்வு நாற்காலி. உட்கார்ந்ததும் துணி என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. அவர் கத்தினார். என் கால் மேலே போனது; தலை கீழே போனது. பாவாடையைப் பிடிப்பதா, சட்டத்தைப் பிடிப்பதா என்று தவித்தேன்.

"இதான்லா நாக்காலி!" என்றார், கண் கலங்க.

சைக்கிளை விற்றுத்தான் கூடாரத்தையும் அதே மாதிரி இரண்டு நாற்காலிகளையும் வாங்கினார். பிறகு வேலைக்காட்டுக்கு நடந்தே போனார். உட்காருவதற்காக இவ்வளவு தூரம் நடந்தவரும் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடலில் கூடாரத்தை அடித்து ஒத்திகை பார்த்தார். கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் யாருடைய மாடோ உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. இழுத்தும் வரவில்லை. "மாட்டுக்கே புடிச்சிருக்குன்னா நல்ல கூடாரந்தான்," என்று திருப்தியோடு சொன்னார். "உள்ள படுத்திருக்கிறதுதான் உங்க குடும்பத்துலயே புத்திசாலி," என்றார் அத்தை.

சீனப் பெருநாள் விடுமுறையில் காய்கறி லோரி ஒன்றைப் பேசி, தஞ்சோங் டாவாய் பக்கத்துக் கடற்கரைக்குப் புறப்பட்டோம். கூடாரத்தார், அத்தை, அவர்கள் பிள்ளைகள், என் அம்மா, நான். சுகமாக உட்காரப் போகிறோம் அல்லவா, அதனால் அத்தை அம்மிக்கல்லையும் லோரியில் ஏற்றினார். உயிரோடு ஒரு கோழியும் வந்தது. அந்தக் கோழிக்குத்தான் கடைசி வரை உல்லாசப் பயணத்தின் நோக்கம் புரியவில்லை.

முதல் நாள் அத்தை உட்காரவே இல்லை. அடுப்பு மூட்டினார், அரைத்தார், துவைத்தார். வேலை தீர்ந்துபோனதும் விளக்குமாற்றை எடுத்துக் கடற்கரையைப் பெருக்க ஆரம்பித்தார். அலை வந்து மறுபடியும் குப்பை போட்டது. அலையைத் திட்டினார். கூடாரத்தார் காலி நாற்காலியின் பின்னால், பந்தியில் இலை போட்டுவிட்டு விருந்தாளியைக் காணாதவர் போல நின்றார்.

"உக்காரேன் பாக்கியம்."

"நீங்க இருக்கையில நான் எப்பிடி நாக்காலியில உக்கார்றது? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"யாருலா பாக்குறது? நண்டா?"

மறுநாள் மத்தியானம்தான் அது நடந்தது. சாப்பாடு முடிந்து, பிள்ளைகளை அம்மா கடலோரம் கூட்டிப் போயிருந்தார். "செத்த நேரம்," என்று சொல்லிக்கொண்டு அத்தை நாற்காலியின் ஓரத்தில் ஒட்டினார். வழக்கம்போல் பாதிதான். மீதியை நாற்காலி பார்த்துக்கொண்டது. துணி அவரை உள்ளே இழுத்தது. பாதம் தரையை விட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

கூடாரத்தார் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். கடலைப் பார்ப்பதற்காக அவ்வளவு பாடுபட்ட மனிதர் கடலைப் பார்க்கவே இல்லை. தூங்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கேத்தல் பொங்கிச் சீறியது. எங்கே அத்தை விழித்துவிடுவாரோ என்று அந்தச் சாய்வு நாற்காலியிலிருந்து வில் விட்ட மாதிரி எழுந்தார், இறக்கி வைத்தார், பூனை போல வந்து மறுபடி சாய்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது, குடை பிடித்தபடி, மனைவியோடு கரையோரம் காற்று வாங்கிக்கொண்டு பெரிய கிராணியார் வந்தார். உலகத்தில் எத்தனையோ கடற்கரைகள். அவர் இதற்குத்தான் வந்தார்.

நான் மணலில் உருண்டு எழுந்து நின்றேன். கூடாரத்தாரின் முகம் வெளுத்தது. மலைச்சரிவும் அட்டைகளும் எனக்கே கண்முன் வந்தன. அவர் எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும். அத்தையையும் எழுப்பியாக வேண்டும், எழுப்பினால் துள்ளி விழுவார். எழாவிட்டால் நாளை மறுநாள் பெரட்டு இருக்கிறது. அவர் அத்தையை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைக்கு மேல் கையைக் குவித்தார். எழவில்லை.

"என்ன காணும்," என்றார் கிராணியார் தம் யாழ்ப்பாணத் தமிழில், "கடற்கரையை விலைக்கு வாங்கிப் போட்டீரோ?"

"ஐயா, மன்னிக்கணும் ஐயா. மாட்டிக்கிட்டேன்."

"என்னெண்டு?"

"இந்த நாக்காலி ஐயா. உள்ள எறங்குனா வெளிய விட மாட்டேங்குது. காலையிலேருந்து இப்பிடியே கெடக்கேன்." இடுப்பை அப்படியும் இப்படியும் நெளித்தார். கவிழ்ந்த கரப்பான்பூச்சிக்குக்கூட அவ்வளவு நடிக்கத் தெரியாது.

"ஏன் காணும் இப்பிடி மெல்லமாய்க் கதைக்கிறீர்?"

"சத்தம் போட்டா இன்னும் கீழ போவுது ஐயா."

கிராணியாரின் மீசை துடித்தது. அத்தையைக் கண்ணால் காட்டினார். "அவவும் மாட்டுப்பட்டுப் போனாவோ?"

"அவதான் ஐயா ரொம்ப மோசமா மாட்டிக்கிட்டா."

அவ்வளவுதான், பெரிய கிராணியார் சிரித்துவிட்டார். அவர் பல் அப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குடையின் வளைந்த பிடியை நீட்டி, "பிடியும் காணும், இழுத்து விடுறன்," என்றார்.

"வேணாம் ஐயா! துணி கிழிஞ்சிரும்!"

கிராணியாரின் மனைவி அதுவரை அத்தையின் வெடித்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ, விடுங்கோ. வாங்கோ போவம்," என்று கணவரின் கையைத் தொட்டார்.

அவர்கள் போய்ப் புள்ளியாகும் வரை கூடாரத்தார் நெளிந்துகொண்டே இருந்தார். பிறகு சத்தமில்லாமல் எழுந்தார். வெயில் அத்தையின் முகத்துக்கு வந்திருந்தது. தம் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நிழல் கட்டிக்கொண்டு நின்றார்.

பொழுது சாயும்போது அத்தை விழித்தார். "ஐயோ! யாராச்சும் வந்தாங்களா?"

"காக்கா வந்துச்சு," என்றார்.

மலைச்சரிவு வரவில்லை. அடுத்த பெரட்டில் கிராணியாரே அந்தக் கதையை நெளிந்து காட்டிச் சொன்னார். சிரித்த சிரிப்பில் தண்டிக்க மறந்துவிட்டார் போலும். தோட்டமே சிரித்தது. கூடாரத்தாரைக் கண்டால் சின்னப் பிள்ளைகள்கூட இடுப்பை நெளித்து, "மாட்டிக்கிட்டேன் ஐயா!" என்று ஓடும். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் பாக்கியம் அத்தைதான்.

"ஒரு நாக்காலிய விட்டு எந்திரிக்கத் தெரியல! இவரு துரை மாதிரி கூடாரம் போடப் போயிட்டாரு!"

"ஆமாலா," என்பார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. "அது ஒரு மாதிரி நாக்காலி."

கேத்தலுக்காக அவர் எழுந்த வேகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இப்போது அலோர் ஸ்டாரில் வேலையில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கேலி இன்னும் நடக்கிறது. அவரும் இன்னும் தலையைச் சொறிகிறார். நானும் இதுவரை வாய் திறந்ததில்லை.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பத்திரிகை எங்கள் தோட்டத்துக் கடைக்கும் போகிறது. அங்கே எழுத்துக் கூட்டத் தெரிந்த யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மாமா வெளியே போன நேரமாகப் பார்த்து வாசியுங்கள். அவர் ரொம்பக் கூச்சப்படுவார்.