தூரத்து வைத்தியம்

இனித் தன் கையால் சோறு பொங்குவதில்லை என்று சங்கரபாண்டியா பிள்ளை ஆனி மாதத்தில் ஒருநாள் காலையில் சபதம் எடுத்தார். எடுக்கிறபோது கையில் கரண்டி இருந்தது. பானையின் அடியில் கருகிப்போன சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் சுரண்டை. வாழ வந்த தென்காசியிலும் சுரண்டல் அவரை விடவில்லை.

விஷயம் வேறொன்றுமில்லை. அவர் மனைவி கோமதி வீட்டுக்குத் தூரம். மாதாமாதம் வருகிற தூரம். அந்த நாட்களில் அவள் தொழுவத்தை ஒட்டின பின்னறையில் இருப்பாள். அவள் எதையும் தொடமாட்டாள், அவளை யாரும் தொடக்கூடாது. மற்ற வீடுகளில் இது மூன்று நாள். இந்த வீட்டில் ஐந்து. மூன்று நாள் ஆசாரத்துக்கு, மேற்கொண்டு இரண்டு நாள் கோமதியின் வயிற்றுவலிக்கு.

ஆசாரத்தில் பிள்ளை நெருப்பு. காப்பிக் கிளப் வாசலை மிதிக்கமாட்டார். அடுத்த வீட்டுச் சோறு அவர் தொண்டையில் இறங்காது. சமையலுக்கு ஆள் வந்தால் குலம் கோத்திரம் விசாரித்தே விரட்டிவிடுவார். அந்த நெருப்புதான் இப்போது புகையாகி அவர் கண்ணில் ஏறிக்கொண்டிருந்தது.

"புளி கரைச்சாச்சா?" பின்னறையிலிருந்து கோமதி கேட்டாள்.

"ஆச்சு."

"கொட்டையை எடுத்தீயளா?"

பிள்ளை குழம்புக்குள் விரலை விட்டுத் தேடினார். கொட்டை அகப்படவில்லை. விரல் வெந்தது.

"வலி எப்படி இருக்கு?" என்று எரிச்சலோடு கேட்டார்.

"இருக்கு."

"நடவுக்கு வாரவளுக்கெல்லாம் வலிக்கலையாக்கும். அவ சகதியில நிக்கா, நீ பாயில கிடக்கே."

"அவ வீட்டுல புருசன் புளியைக் கொட்டையோட கரைக்குதானோ என்னமோ."

பெண்பிள்ளையின் வலி என்பது பாதி வாயு, பாதி வாய் என்பது பிள்ளையின் கட்சி. கல்யாணமான நாளாக அதை மாற்றிக்கொள்ள அவருக்கு அவசியம் ஏற்பட்டதில்லை. இப்போது அந்த இரண்டு நாளை எப்படியாவது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று தோன்றியது. கோமதிக்காக இல்லை, கரண்டிக்காக.

புகையில் வந்த தலைவலியோடு கடைத்தெருவுக்குப் போனார். அங்கே ஒலி முகம்மது ராவுத்தரின் ஜவுளிக்கடை. பினாங்கில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவர் கடைக்குச் சீனப்பட்டு வந்திருந்தது. அவர் மனைவி ஹாஜரா பீவி பிள்ளையின் பின்வீட்டுக்காரி, நடுவில் ஒரு மதில்தான். அவள் மூலமாகக் கோமதி அந்தப் பட்டைப் பார்த்துவிட்டுப் போன மாதமே ஒரு சேலை கேட்டாள். "பட்டு உடுத்திக்கிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போறியோ?" என்று பிள்ளை ஒரே போடாகப் போட்டார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"என்னவே, தலையைப் பிடிச்சிக்கிட்டு வாரீரு?" என்று கேட்ட ராவுத்தர், அவர் கையை இழுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தார். பிள்ளைக்கு உயிர் போய் வந்தது. வந்தபோது தலைவலியைக் காணோம்.

"என்ன மாயம் இது?"

"மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பினாங்குல எனக்குப் பக்கத்துக் கடை சீன மருந்துக்கடை. அங்க கத்துக்கிட்டது. உடம்புல அங்கங்க புள்ளி இருக்கு. அதை அமுக்கணும்."

ஊர்ச்சொத்தை அமுக்குகிற பெரிய புள்ளிகளைப் பிள்ளை பார்த்திருக்கிறார். புள்ளியையே அமுக்குகிற வித்தையை அன்றுதான் கண்டார்.

"பொம்பளைகளுக்கு... அந்த நாள்ல வாற வயித்துவலிக்கு?"

"ஏன் இல்லாம? கணுக்காலுக்கு மேல நாலு விரல்கடை. உள்பக்கம், எலும்பை ஒட்டினாப்புல. பெருவிரலால நிதானமா அமுக்கணும். சீனத்திப் பொம்பளைக அதைத்தான் செய்யுதாக. ஒண்ணு கேட்டுக்கிடும், சூலியா இருந்தா அந்த இடத்தைத் தொடக்கூடாது."

பிள்ளை துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வலி போனால் ஐந்து மூன்றாகும். கணக்கு சரியாக இருந்தது. இந்தத் தடவைக்கு அன்றோடு ஐந்து நாளும் முடிந்தது. அடுத்த தூரம் வரும்வரை, தொழுவத்தில் பசுவின் காலைப் பிடித்துக் கணுவுக்கு மேல் விரல்கடை அளந்து பழகினார். பசு ஒருமுறை உதைத்தது. வைத்தியம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

ஆடி பிறந்தது. குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில் கோமதி பின்னறைக்குப் போனாள். பிள்ளை முற்றத்தில் குடையும் கையுமாக வந்து நின்றார்.

"ஏட்டி, காலை நீட்டு."

"எதுக்கு?"

"சீன வைத்தியம். வலி பறந்துரும்."

"தொடணுமே? தீட்டாச்சே."

இங்கேதான் பிள்ளை தன் மூளையை மெச்சிக்கொண்டார். குடையை நீட்டி, அதன் முனையால் அவள் காலில் புள்ளியைத் தேடினார்.

"குடைத்துணி பருத்தி" என்றாள் கோமதி. "தீட்டு ஏறிக்கிட்டு வரும். குடையையும் முக்கணும், பிடிச்ச ஆளையும் முக்கணும்."

"தொட்டுட்டுப் போயி அருவியில தலையைக் குடுத்தாப் போச்சு."

"ஒவ்வொரு தடவை அமுக்குததுக்கும் வண்டி கட்டிக் குத்தாலத்துக்குப் போவீயளாக்கும். சாரலுக்கே தும்முதீய."

பிள்ளை தும்மினார்.

"பட்டுக்குத் தீட்டில்லைன்னு நீங்கதான சொல்லுவீய" என்றாள் கோமதி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

பிள்ளை உள்ளே ஓடிப் பூசைக்கு உடுத்துகிற தன் பட்டு வேட்டியைக் கொண்டுவந்தார்.

"சாமி கும்பிடுததுக்குக் கட்டுததை என் காலுல போடுதீயளா? எனக்கென்ன, போடுங்க. நாளைக்கு அதைக் கட்டிக்கிட்டு நிக்கப்போறது நீங்க."

வேட்டி வந்த வேகத்தில் திரும்பிப் போனது. பிள்ளை கடைக்குப் போனார்.

"ஒரு முழம் சீனப்பட்டு கிழியும்."

"முழமாக் கிழிக்க இது கோவணமாவே? சேலையாத்தான் வரும்" என்ற ராவுத்தர், கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார். அது ஏற்கனவே காகிதத்தில் கட்டித் தயாராக இருந்தது. கடைக்காரன் என்றால் இப்படியல்லவா சுறுசுறுப்பாக இருக்க வேண்டும் என்று பிள்ளை வியந்துகொண்டே வாங்கினார்.

வழியில் அவருக்கு இன்னொரு பெரிய யோசனை உதித்தது. வந்ததும் வராததுமாக, "பட்டுக்குத்தான் தீட்டில்லையே. இதை உடுத்திக்கிட்டு அடுப்படிக்கே வந்துரேன்" என்றார்.

"பட்டுக்குத் தீட்டில்லை. பட்டுக்குள்ள இருக்குத எனக்கு?"

ஆகவே பிள்ளை அடுப்பில் உலையை ஏற்றி அரிசியைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். கோமதியின் காலில் சேலையைப் போர்த்தி, நாலு விரல்கடை அளந்து, பெருவிரலை வைத்து அமுக்கினார்.

"கொஞ்சம் மேல" என்றாள் கோமதி. "இன்னும் அழுத்தமா. ஆங். அடுத்த காலு."

பிள்ளையின் பெருவிரல் வீங்கிவிட்டது. "போகுதா?"

"போவுது, போவுது. நிப்பாட்டிராதீய."

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஹாஜரா பீவியின் குரல் வந்தது. மதில் உயரம். அவளுக்குக் கேட்டதெல்லாம் கோமதியின் குரல்தான், பிள்ளை அங்கே உட்கார்ந்திருப்பது தெரியாது.

"கோமதியக்கா, சேலை வந்துட்டா? நீங்க எடுத்து வைக்கச் சொன்ன கத்தரிப்பூ நிறந்தானே? எங்க வீட்டுக்காரவுக அண்ணாச்சிக்கு அந்தப் புள்ளியைப் பாடம் நடத்தினாகளாம். அதை நான் பங்குனியிலேயே உங்களுக்குக் காட்டித் தந்ததும், நீங்களே அமுக்கி அமுக்கி வலியைப் போக்கிக்கிட்டதும் இவுகளுக்குத் தெரியாது பாருங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை."

பிள்ளையின் பெருவிரல் அங்கேயே நின்றது.

"வலி பங்குனியிலேயே போயிட்டா?"

"போயிட்டு."

"அப்ப சித்திரையில, வைகாசியில, ஆனியில ரெண்டு ரெண்டு நாளு நான் பொங்கினது?"

"இத்தனை வருசமா வலியோட நான் கிடந்தேன். என்ன வலி, எங்க வலின்னு ஒரு நாளு கேட்டீயளா? இப்ப வலி நின்னபொறவு வந்து காலைப் பிடிக்குதீய." கோமதி சேலையை மெல்ல உருவி மடித்துக்கொண்டாள். நிறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"கால் பிடிச்சது போதும், எந்திரிங்க. அங்க சோறு அடிபிடிக்குது."