மீட்டர் ஓடாத கல்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம், நெருப்பே இல்லாமல் செங்கல் செய்ததுதான். தொழிற்கூடத்தின் இயக்குநரே இப்படிச் சொல்லியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

உடைந்த கண்ணாடி, ஓட்டுச் சில்லு, ஆலைச் சாம்பல். மூன்றையும் பொடியாக்கி, சுண்ணாம்பு கலந்து, அச்சில் அழுத்தி, நிழலில் ஆற வைத்தால் கல். சூளையும் இல்லை, புகையும் இல்லை. அந்தக் கல்லை உடைத்துப் பார்த்து அதன் பலத்தைச் சொல்வது அங்கே ஒரு பெண்ணின் வேலை. வாய் திறக்காதவள். ஒரே ஒரு கூட்டத்தில் திறந்தாள்.

"சார், நம்ம கரண்ட் முழுசையும் அரவை மிஷினே தின்னுடுது. ரொம்பப் பழசு. புதுசு வாங்கினா..."

"பிரமாதம்!" என்று மேசையைத் தட்டினார் இயக்குநர். "மிஷினை நிறுத்திடுவோம்."

"அப்போ யார் சார் அரைக்கிறது?"

"மிஷின் ஓட்டுறவர் இனிமே சும்மாதானே இருப்பார்?"

மிஷின் ஓட்டுகிறவர் அவளுடைய அக்கா கணவர். மறுநாள் மாமாவின் கையில் சம்மட்டி ஏறியது. வாசலில் 'உடலோடு இயைந்த தொழில்நுட்பம்' என்று பலகை ஏறியது.

கரண்ட் மீட்டர் நிம்மதியாகத் தூங்கியது. மாமாவுக்குத்தான் தூக்கமில்லை. வலது தோள் வீங்கி, கை வாய்வரை எழவில்லை. அக்கா ஊட்டிவிட்டாள்.

"பொறந்ததுல இருந்து பேசாதவ. பேசினது ஒண்ணே ஒண்ணு, அதுவும் இவர் தோள்ல வந்து இறங்கணுமாடி?"

"விடும்மா," என்றார் மாமா. "கல்யாணமாகி இப்பதான் எனக்கு ஊட்டுற. அதைக் கெடுக்காதே."

'குறைந்த ஆற்றல்' விருதுக் குழு வந்தது. பின்கட்டில் டமார் டமார் என்று சத்தம்.

"அது என்ன?" என்றார் குழுத் தலைவர்.

"இயற்கை அரவை, ஐயா."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் முன் குனிந்தார். அது அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் இரண்டாவது முறையாக வாயைத் திறந்தாள். "சார், அங்க சம்மட்டி அடிக்கிறவங்க செலவழிக்கிற சக்தி எந்தக் கணக்குல வருது?"

"அது அவங்க சாப்பாட்டுல இருந்து வருதும்மா," என்றார் தலைவர் கனிவாக. "சாப்பாடு அவங்க வீட்டுச் செலவு."

விருது கிடைத்தது. பரிசாக, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புத்தம் புது அரவை இயந்திரமும் வந்து இறங்கியது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. மாமா ஆசையோடு சுவிட்சை நோக்கிப் போனார்.

"தொடாதீங்க!" என்று பதறினார் இயக்குநர். "இது ஓடினா மீட்டர் ஓடும். மீட்டர் ஓடினா விருது போயிடும்!"

இயந்திரம் இப்போது வரவேற்பறையில், விருதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கழிவு எதையும் தூக்கி எறிவதில்லை என்பது அந்தத் தொழிற்கூடத்தின் உன்னதக் கொள்கை. தோள் போன மாமாவையும் எறியவில்லை. இயந்திரத்தில் தூசு படியாமல், இடது கையால் துடைக்க வைத்திருக்கிறார்கள்.