அறுநூறு குதிரைகள் ஏறிய மலை

"நானூத்தம்பது குதிரையா? மலையப் பாத்ததும் படுத்துடும்," என்று விலைப்பட்டியலைப் பார்த்தே, 2012 மாடல் வண்டியின் பக்கம் போகவே மறுத்துவிட்டார் டெல்பர்ட்.

டென்வருக்கு வெளியே, வீடுபோலவே தங்கிப் பயணிக்கும் பழைய சொகுசு மோட்டார்ஹோம்கள் விற்கும் இடம். மலைக்கு அந்தப் பக்கம் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரமாகியிருந்தது. போன வருடம் அவருடைய பழைய வண்டி அந்த ஏற்றத்தில்தான் நின்றுபோனது. பின்னால் நின்ற லாரிகள் அடித்த ஹாரன் இன்னும் அவர் காதில் இருந்தது.

மனைவி லோர்னா மட்டும் 2012-க்குள் ஏறிப் பார்த்தாள். அதன் அகலமான சமையலறை ஜன்னலை விட்டு நகர அவளுக்கு மனமில்லை.

விற்பனையாளர் கர்ட்டிஸ் இருவருக்கும் பொதுவாக 2014-ஐக் காட்டினார். ஐந்நூறு குதிரைத்திறன். காகிதங்களைப் புரட்டியதில் அடிச்சட்டம் 2013, இன்ஜின் 2012 என்று இருந்தது.

"ஒரு வண்டிக்கு எத்தனை பொறந்த வருஷம்ப்பா?"

எல்லா வண்டியும் அப்படித்தான் என்று கர்ட்டிஸ் விளக்க விளக்க, டெல்பர்ட்டின் சந்தேகம் மற்ற வண்டிகளுக்கும் பரவியது. முடிவாக, அறுநூறு குதிரைத்திறன் உள்ள 2016-தான் வேண்டும் என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று கர்ட்டிஸ் போனை எடுத்தார். டெல்பர்ட்டுக்குப் பொறுமையில்லை. முகப்பு விளக்கைப் பார்த்தே வருடம் சொல்லிவிடுவேன் என்று போய், வாசலருகே நின்ற கறுப்பு வண்டிதான் 2016 என்று லோர்னாவோடு ஏறிக்கொண்டார். தலைவலியில் இருந்த கர்ட்டிஸ், போய் வாருங்கள் என்று கையசைத்தார்.

ஏற்றம் வந்தது. டெல்பர்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி தயங்கவேயில்லை. அத்தனை பெரிய வீடு, கட்டில் குளியலறையோடு, ஊர்ந்துகொண்டிருந்த லாரிகளைத் தாண்டி வானத்துக்குள் போவதுபோல் போனது. உச்சியில் நிறுத்தி இறங்கினார். கீழே பனி மூடிய சிகரங்கள் வரிசையாக வெயிலில் கிடந்தன. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"அறுநூறுன்னா என்னன்னு இன்னிக்குத்தான் தெரியுது, லோர்னா."

லோர்னா வழியெல்லாம் புன்னகைத்துக்கொண்டே வந்தாள். மலையின் அழகில் லயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும், இந்த 2016-ஐ வேறு யாருக்கும் காட்ட வேண்டாம், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கைத்துணியால் கிரீஸைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் ரீகோ வந்தான்.

"2016-ல திங்கக்கெழமையிலேர்ந்து இன்ஜினே இல்லையே சார், நீங்க எடுத்துட்டுப் போறது 2012-ன்னு கெளம்புறப்பவே அம்மாகிட்ட சொன்னேனே?"