நான் பெயில் ஆகப்போன இன்டர்வியூ

அன்னைக்கு காலையில பிரிக்பீல்ட்ஸ்ல, ரொட்டி சானாய் முன்னாடி உக்காந்து, நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமே என் வாழ்க்கைய நான்தான் முடிவு பண்ணுவேன். முடிவு எடுத்த கையோட பெர்னிஸ்கிட்ட பெர்மிஷன் கேட்டேன்.

பெர்னிஸ் என் மனைவி. கிள்ளான்ல ஒரு சரக்கு கம்பெனியில சூப்பர்வைசர். லோரி டிரைவருங்க அவகிட்ட பேச வர்றதுக்கு முன்னாடி சட்டை பட்டன போட்டுக்குவாங்கன்னு கேள்வி. நான் நைஜல். பாத்த வேலைய விட்டுட்டு பைனான்ஸ் படிக்க வந்தவன், இப்ப கடைசி செமஸ்டர். வீட்டுல சம்பாதிக்கிறது அவ, சண்டை போடறது நான். ஆளுக்கு ஒரு டிப்பார்ட்மென்ட்.

விஷயம் இதுதான். கோலாலம்பூர்ல கண்ணாடி கட்டடத்துல ஒரு பேங்க் எனக்கு வேலை தர்றேன்னு சொல்லிருச்சு. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அங்க ரெண்டு வருஷம், அப்புறம் வெளிநாட்டுல எம்பிஏ, அப்புறம் கன்சல்டிங். இதுதான் என் பிளான். முதல் வேலையில என்ன கத்துக்கிட்டன்னு எவனும் கேக்கமாட்டானாம், கம்பெனி பேர பாத்துதான் பிஸ்னஸ் ஸ்கூல்காரன் கதவ தொறப்பானாம். எவ்வளவு பெரிய அநியாயம்? இத கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு கிழிச்சவன் நான். கிழிச்சு முடிச்சிட்டு, மத்தியானம் அந்த பேங்குக்கே அப்ளை பண்ணேன்.

பெர்னிஸ் ரொட்டிய பிச்சுக்கிட்டே கேட்டா. "பேங்க்ல என்ன வேலை?"

"சிலைடு செய்யறது."

"கன்சல்டிங்ல?"

"அதுவும் சிலைடுதான். ஆனா பெரிய ஆளுங்களுக்கு."

"நடுவுல எம்பிஏ எதுக்கு?"

நான் டீய குடிச்சேன்.

"சரி லா, சாப்பிடு" அப்படின்னா.

கல்யாணம் ஆனவங்களுக்கு தெரியும். சரி லான்னா சரின்னு அர்த்தம் இல்ல.

சாயங்காலமே மாமனாரு போன் பண்ணாரு. அவரு பேரு டொமினிக், ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு. எதா இருந்தாலும் பிளாட்பாரத்துல அறிவிப்பு மாதிரிதான் சொல்லுவாரு. தெலுக் பங்லிமா காராங்ல பிஸ்கட் டின்னு செய்யற பேக்டரிக்கு அவரு சிநேகிதர் ரேமண்ட் அங்கிள்தான் மேனேஜராம். அங்க பைனான்ஸ்ல ஆள் வேணுமாம். புதன்கிழமை நான் இன்டர்வியூக்கு வர்றேன்னு இவரே சொல்லிட்டாராம்.

பிஸ்கட் டின்னு! அந்தப் பேர பாத்து எந்த பிஸ்னஸ் ஸ்கூல் கதவ தொறக்கும்? டின்னத்தான் தொறக்கலாம். ஆனா மாட்டேன்னு சொல்ல முடியாது. எங்க கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்து போட்டவரு ரேமண்ட் அங்கிள். நான் போகலைன்னா மாமனாரு அவரு மொகத்துல முழிக்க முடியாது. அப்புறம் என் மொகத்துல பெர்னிஸ் முழிக்கமாட்டா.

அப்பதான் அந்த பிரமாதமான யோசனை வந்துச்சு. போறது, பெயில் ஆகறது. அதுக்கு தனியா பிராக்டிஸ் வேணாம். நான் வாயத் தொறந்தா ஒருத்தனும் வேலை கொடுக்கமாட்டான்னு பெர்னிஸே எத்தனை தடவ சொல்லியிருக்கா? பொண்டாட்டி சொன்னத நம்பறவன் நான்.

புதன்கிழமை பெர்னிஸ் சட்டைக்கு அயர்ன் போட்டு கொடுத்துட்டு, "அங்க எது கண்ணுல பட்டாலும் வாய மூடிட்டு இரு"ன்னு ரெண்டு தடவ சொல்லி அனுப்பினா. பாவம், என்னைய பாஸ் பண்ண வைக்க பாக்கறாளேன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

பேக்டரிக்குள்ள நுழைஞ்சா கூரை வரைக்கும் காலி டின்னு. வெளிய லோரிங்க வரிசையா நிக்குது, டிரைவருங்க குறட்டை. நான் உக்காரவே இல்ல.

"அங்கிள், இது பேக்டரியா, டின்னுக்கு கட்டின கல்லறையா?"

அப்புறம் நிறுத்தல. ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சு அடுக்கறீங்க, மழையில துரு பிடிக்குது, அத தூக்கி போட்டுட்டு லாபம் எங்கன்னு தேடறீங்க, உங்க அக்கவுண்ட்ஸ் டிப்பார்ட்மென்ட் என்ன டின்னுக்குள்ளயா தூங்குதுன்னு கேட்டேன். ரேமண்ட் அங்கிள் மண்டைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு. கூட்டிட்டுப் போயி இன்னும் ரெண்டு ஸ்டோர காட்டினாரு. அதுங்களையும் திட்டினேன். மத்தியானம் மீன் தலை கறி வாங்கிக் கொடுத்தாரு, அந்த மீன் கண்ண பாத்துக்கிட்டே மிச்சத்தையும் திட்டி முடிச்சேன். வீட்டுக்கு விசிலடிச்சிட்டு வந்தேன். இப்படி ஒரு பெயில் மலேசியாவுல யாரும் ஆகியிருக்க முடியாது.

அந்த வாரம் பூரா துரு பிடிச்ச டின்னுதான் கண்ணு முன்னாடி. வெறுப்புலதான், வேற ஒண்ணும் இல்ல.

ஞாயித்துக்கிழமை கிள்ளான்ல, மாமனாரு போற கோயில்ல, தமிழ்ப் பூசை. அந்த பாரிஷ்ல பூசை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, யாரு யாரு எதுக்காக பூசைக்கு காணிக்கை கொடுத்திருக்காங்கன்னு மைக்ல வாசிப்பாங்க. செத்தவங்களுக்கு, பொறந்தநாளுக்கு, கார் லைசன்ஸ் பாஸ் ஆனதுக்கு. நான் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தேன்.

"பிஸ்கட் டின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தமைக்கு நன்றியாக, நைஜல் குடும்பத்தினர்."

கொட்டாவி பாதியில நின்னுருச்சு. மொத்த கோயிலும் திரும்பி பாத்துச்சு. மாமனாரு கைக்குட்டைய எடுத்துட்டாரு. ரெண்டு வரிசை தள்ளி ஒரு ஆன்டி ஜெபமாலையோட கைய ஆட்டினாங்க.

பூசை முடிஞ்சதும் நேரா கேன்டீனுக்கு போனேன். ரேமண்ட் அங்கிள் கறிபாப் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. மன்னிச்சிருங்க அங்கிள், எனக்கு பேங்க்ல வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லிட்டேன். அவரு கோவிக்கவே இல்ல.

"பரவால்ல தம்பி. நானும் நீ வேணாம்னுதான் நெனச்சேன். நீ சொன்னது எல்லாம் படிக்கிற பையன் பேச்சு, நடக்காதுன்னு எங்க அக்கவுண்ட்ஸ் ஆளு சொல்லிட்டாரு."

"யாரு சொன்னது?"

"அவரு லா. புக்குல இருக்கறத ஒப்பிச்சிட்டு போயிட்டான்னு சிரிச்சாரு."

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு பாதிதான் ஞாபகம் இருக்கு. நாற்காலி மேல ஏறினது ஞாபகம் இருக்கு. "ஒரு வருஷம் அந்த பேக்டரிய என் கையில கொடுங்க, ஒரு டின்னு துரு பிடிச்சா நைஜல்னு கூப்பிடாதீங்க"ன்னு கத்தினது ஞாபகம் இருக்கு. கேன்டீனே கை தட்டுச்சு. மாமனாரு என் கைய பிடிச்சு குலுக்கிக்கிட்டு விடவே இல்ல. ஃபாதர் வந்து நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்ணாரு. ஃபாதர் ஆசீர்வாதம் பண்ண வேலைய எந்த கத்தோலிக்கன் வேணாம்னு சொல்லுவான்?

கொம்யூட்டர் ரயில்ல திரும்பி வர்றப்ப கேட்டேன். "நன்றிப் பூசைக்கு காணிக்கை கொடுத்தது உங்க அப்பாதானே?"

"நான்தான். இன்டர்வியூக்கு முந்தின நாளே."

"நான் பெயில் ஆகியிருந்தா?"

"நீ வாயத் தொறக்காம வந்தாதான் பெயில். அவங்களுக்கு வேண்டியதே மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு."

"அந்த அக்கவுண்ட்ஸ் ஆளு..."

"இப்ப அங்க அப்படி ஒரு ஆளே இல்ல. இருந்தவரு போன மாசம் ரிட்டயர் ஆயிட்டாரு. அங்கிள அப்படி சொல்ல சொன்னது நான்." தண்ணி போத்தல என் கையில கொடுத்தா. "கன்சல்டிங்னா என்ன? அடுத்தவன் எடத்துக்கு போயி தப்பு கண்டுபிடிக்கறது. நீ நம்ம வீட்டுல அத இலவசமா பண்ணிட்டு இருக்க. அங்க சம்பளம் தர்றாங்க. நாம கிள்ளானுக்கே வீடு மாத்திடலாம், ரெண்டு பேருக்கும் கிட்ட."

"அப்ப என் எம்பிஏ?"

"அது எங்கயும் போகல. நான் படிக்கிறேன். இங்கயே, வீக்கெண்டு கிளாஸ். நேத்து இன்டர்வியூ முடிஞ்சுது."

நேத்து பசார் மாலாமுக்கு, ராத்திரி சந்தைக்கு போறேன்னுதான் சொன்னா. என்ன கேட்டாங்கன்னு கேட்டேன்.

"யாராலயும் சமாளிக்க முடியாத ஒரு ஆள எப்படி வழிக்கு கொண்டு வந்தீங்கன்னு கேட்டாங்க. கேன்டீன்ல நீ நாற்காலி மேல ஏறின கதைய சொன்னேன்."

"நேத்தா? நான் ஏறினது இன்னைக்குதானே?"

"ஆமா. ஏறிட்டன்னே சொல்லிட்டேன்."

ரயில் நாங்க எறங்கற செந்துலுக்கு வந்துருச்சு. கடைசியா கேட்டேன், சீட்டாவது கிடைச்சுதான்னு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பூசையில வாசிப்பாங்க, கேட்டுக்க."