மூலையில் அடித்துப் பார்த்த குளிசை

உருத்திரபுரத்தில் என்னைவிட வேகமாக முடிவெடுக்கக்கூடிய ஆள் கிடையாது. ஒருவர் கதையைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால் நடுவில் அவர் சொல்வதைக் கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை. (முடிவு சரியா பிழையா என்பது வேறு கதை.) இந்தத் திறமையோடு நாற்பது வருடம் நன்றாகத்தான் வாழ்ந்தேன், மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன அந்த நாள்வரைக்கும்.

மகள் பெயர் அபிநயா. அப்போது மூன்றாம் தரம் படித்தாள். ஒரே பள்ளித் தவணையில் நாலு தண்ணீர்ப் போத்தல் தொலைத்தவள். ஒருநாள் ஒற்றைச் சப்பாத்தோடு வீட்டுக்கு வந்து நின்றாள். "மற்றது எங்கை பிள்ளை?" என்றால், "எது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கணக்குக் கொப்பியைத் திறந்தால் முதலாவது கணக்கைச் செய்வாள், இரண்டாவதில் பாதி செய்வாள், பிறகு பார்த்தால் மாமரத்தில் இருப்பாள்.

இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அந்த வருடம் அவள் சிரிக்கவில்லை. வகுப்பில் அவளுக்கு 'மொக்கு' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். விடிந்து பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். வகுப்பு ரீச்சர்தான் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை மொக்கில்லை. நல்ல மூளை. ஆனா எதோ ஒண்டோட கிடந்து கஷ்டப்படுறாள். ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

என் மனைவி சுகந்திக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. முதல் இரண்டு தடவையும் அவள்தான் கூட்டிப்போய்ப் படிவமெல்லாம் நிரப்பிக் கொடுத்தாள். மூன்றாம் தடவை லீவு கிடைக்கவில்லை. "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். டொக்டர் சொல்லுறதை வடிவாக் கேட்டுக்கொண்டு வந்தாக் காணும்" என்று சொல்லி அனுப்பினாள். (என்னிடம் வேறு எதைக் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.)

டொக்டர் இளம் பிள்ளை. எங்கள் வீட்டு உழவு இயந்திரத்துக்கு அவரைவிட வயது கூட. மெதுவாக, நிதானமாகத் தொடங்கினார்.

"அபிக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு அப்பா. கவனத்தை ஒரு இடத்தில பிடிச்சு வைக்கிறது இவவுக்குக் கஷ்டம். அது இவவின்ர பிழையுமில்லை, நீங்கள் வளர்த்த பிழையுமில்லை. இனி என்ன செய்யலாமெண்டால், முதலாவது..."

எனக்கு அந்த 'முதலாவது' போதுமாக இருந்தது.

"நானும் சின்னனில இப்பிடித்தான் டொக்டர். எனக்கு இப்ப என்ன குறை?"

டொக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். என் வலது கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய மேசையில் இருந்த ஸ்டேப்ளர் என் கையில் மூன்று துண்டாகக் கிடந்தது. அவர் பதில் சொல்ல நான் இடம் விடவில்லை. கனடாவில் இருக்கும் என் மச்சான் தொலைபேசியில் சொன்னதை அப்படியே அவிழ்த்துவிட்டேன்: இந்த ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் குளிசையைப் போட்டால் பிள்ளை பொம்மையாகிவிடும், பேசாது, சிரிக்காது, சாப்பிடாது. (மச்சான் இந்தக் குளிசையையோ அதைப் போட்ட பிள்ளையையோ வாழ்நாளில் கண்டதில்லை என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.) டொக்டர் நாலு தரம் வாயைத் திறந்து நாலு தரமும் மூடினார். கடைசியில் என்னைக் கைவிட்டு, அபியைக் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றை அமத்திப் பார்த்து, அவளோடு ஏதோ கதைத்து, ஒரு துண்டில் எழுதித் தந்தார். நான் அந்த நேரம் முழுக்கத் தாதிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு சின்னக் கடித உறை தந்தார்கள். உள்ளே மூன்று குளிசை. வந்துவிட்டதடா பொம்மைக் குளிசை என்று நெஞ்சு கொதித்தது.

மோட்டார் சைக்கிளில் வரும்போது பின்னால் இருந்து அபி, "அப்பா, டொக்டர் சொன்னவா..." என்று தொடங்கினாள்.

"டொக்டர் ஆயிரம் சொல்லுவா பிள்ளை. அப்பா இருக்கிறன். நீ பயப்பிடாதை" என்றேன். எவ்வளவு நல்ல தகப்பன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வேலையால் வந்த சுகந்தி கேட்ட முதல் கேள்வி, "டொக்டர் என்ன சொன்னவா?"

"குளிசை தந்தவா. குடுக்கேலாது."

"இஞ்சருங்கோ, படிச்ச மனிசி சும்மா தருவாவே?"

"நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. சோதிச்சுப் பாத்துத்தான் குடுப்பன்."

இதில் எனக்கு ஒரு முறை இருக்கிறது. புது மருந்து எது வந்தாலும் முழு வயலுக்கும் அடிக்கமாட்டேன். முதலில் ஒரு மூலைக்கு அடித்துவிட்டுப் பார்ப்பேன். நெல் எரிந்தால் அந்த மூலையோடு போகட்டும். ஊரில் பலபேர் விளைச்சலைப் பறிகொடுத்தபோதும் என் வயல் தப்பியது இந்த முறையால்தான். பிள்ளை விஷயத்திலும் அதைத்தான் செய்யப்போனேன். அபி வயல். மூலை நான்.

உறையை என் சேட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் சுகந்தி வேலைக்குப் போனதும் ஒரு குளிசையை வாயில் போட்டேன். கசக்கும் என்று எதிர்பார்த்தேன். இனித்தது! பிள்ளைகளை ஏமாற்ற இனிப்பும் போட்டிருக்கிறார்கள் பாவிகள் என்று சப்பி விழுங்கினேன்.

அன்று பொதுநோக்கு மண்டபத்தில், வயல் செய்பவர்கள் கூடும் கமக்கார அமைப்பின் கூட்டம். வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடம் போகாமல் நின்ற அபியையும் கூட்டிக்கொண்டு போனேன். மிச்சக் குளிசை இரண்டும் சாட்சிக்குச் சேட்டுப் பையில் இருந்தன.

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மருந்து வேலையைக் காட்டியது. நாக்குக் கனத்தது. காது குளிர்ந்தது. இடது கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சிறுபோகப் பயிருக்குத் தண்ணீர் விடும் முறை பற்றிக் கதை வந்தது, நான் பேசவில்லை. தலைவர் கந்தையா அண்ணை இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஆள் வந்திருக்கிறானா என்று. பிறகு வாய்க்கால் துப்புரவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி. ஏழு வருடமாகப் பேசிப் பேசியே நான் தப்பிவந்த வேலை அது. யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

"எதிர்ப்பு இருக்கோ?" என்றார் கந்தையா அண்ணை.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பொம்மை. பொம்மை எப்படி எதிர்க்கும்? ஏகமனதாகக் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

வெளியே பார்த்தேன். அபி ஒரு கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையும் என்னைப்போல இப்படிக் கதிரையில் சமைந்து போய்விடுமே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. எழும்பி, "என்ர பிள்ளைக்குக் குடுக்க விடமாட்டன்!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் பிளாஸ்டிக் கதிரையின் கால் சறுக்கி, கதிரையும் நானும் நிலத்தில் கிடந்தோம்.

"பாம்பு கடிச்சிட்டுது!" என்று ஒரு குரல். ஒருவர் தோளில் கிடந்த சால்வையால் என் காலை இறுக்கிக் கட்டினார். இன்னொருவர் கதிரைகளைத் தூக்கிப் பாம்பைத் தேடினார். என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கி ஓட்டோவில் போட்டார்கள். ஒரு பக்கம் அபி, மறு பக்கம் கந்தையா அண்ணை.

ஆஸ்பத்திரியில் பாம்பு இல்லை என்பதை விளங்கப்படுத்தவே பத்து நிமிடம் போனது. "மூளையை அடக்கிற குளிசை போட்டனான். பிள்ளையின்ர. கிளினிக்கில தந்தது" என்றேன். பதறிப்போய்க் கிளினிக் டொக்டரையே கூட்டிவந்தார்கள். அவர் நாடி பார்த்தார், அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"அப்பா, நான் அந்தக் குளிசை இன்னும் எழுதவேயில்லையே?"

நான் 'தெய்வமே' என்று முனகிக்கொண்டு சேட்டுப் பையில் இருந்த உறையை நீட்டினேன். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பதில் கட்டிலின் காலடியில் இருந்து வந்தது.

"அது பூச்சிக் குளிசை அப்பா" என்றாள் அபி. "எனக்கு வயித்துக்குத்து எண்டபடியால் தந்தவா. வீட்டில மூண்டு பேரும் ஒவ்வொண்டு போடச் சொன்னவா."

"ஏனடி பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நான் சொல்ல வந்தனான். நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

என் நாக்கின் கனம், காதின் குளிர் எல்லாம் அந்த இடத்திலேயே பறந்துவிட்டன. கந்தையா அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றார். டொக்டர்தான் பாவம், ஆறுதல் சொன்னார்: "பரவாயில்லை அப்பா. நான் சொன்னதில ஒண்டையாவது செய்திருக்கிறியள்."

"மற்றது என்ன சொன்னனீங்கள்?" என்று ஈனக் குரலில் கேட்டேன்.

அதற்கும் அபிதான் விரல் மடித்துப் பதில் சொன்னாள். ரீச்சரிடம் சொல்லி ஜன்னலிலிருந்து தள்ளி, வகுப்பின் முன்வரிசை வாங்கில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அம்மாவும் வரவேண்டும், குளிசை தேவையா இல்லையா என்று அப்போது எல்லோருமாகக் கதைக்கலாம்.

நான் துள்ளி எழும்பினேன். "பாத்தியளோ டொக்டர்! ஒரு சொல் விடாமல் வச்சிருக்கிறாள். இவளுக்கோ கவனமில்லை?"

டொக்டர் பதில் சொல்லுமுன் அபி சொன்னாள். "மற்றதெல்லாம் எனக்கு ஒண்டாக் கேக்குமப்பா. விசிறிச் சத்தம், பக்கத்து வகுப்பு, ரோட்டில போற பஸ், எல்லாம். ரீச்சர் சொல்லுறது அதுக்குள்ள துலைஞ்சு போயிடும். டொக்டர் சொன்னது என்னைப் பற்றின கதை. எனக்கு உதவி வேணும். அதுதான் கஷ்டப்பட்டுக் கேட்டனான்."

எனக்கு அழுகை வந்தது. மண்டபத்தில் அழுதது கற்பனைக்காக, இது உண்மைக்காக. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று, அவளுக்கு வந்த உதவிக்குக் குறுக்கே நின்றவன் நான்தான்.

அடுத்த மாதம் மூன்று பேரும் போனோம். முன்வரிசை வாங்கு கொஞ்சம் உதவியது, போதவில்லை. குளிசை பற்றி என்னிடம் இருந்த கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் முடியுமட்டும் இருந்தேன். (சுகந்தி மேசைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.) கேள்வி கேட்டதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை, பெற்றவன் கேட்கத்தான் வேண்டும். பிறகு குறைந்த அளவில் தொடங்கினோம். மத்தியானத்தில் பசி குறைந்தது. பின்னேரம் இரட்டிப்பாகச் சாப்பிட வைத்தோம். பொம்மை ஆகவில்லை. மாமரம் ஏறுவதும் நிற்கவில்லை, இரண்டாவது கணக்கை முடித்துவிட்டு ஏறுகிறாள். காலையில் வயிற்றுக்குத்து வருவதில்லை.

வாய்க்கால் துப்புரவுக்கு இன்றைக்கும் நான்தான் பொறுப்பு. வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் வாயைத் திறந்தாலோ, பாதியில் எழும்பினாலோ, மகள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்லுவாள்:

"அப்பா, இருங்கோ. டொக்டர் இன்னும் முடிக்கேல்லை."

இருந்துவிடுவேன்.