கறுப்பு லாகரும் மெக்கானிக் மூக்கும்

அன்னிக்கு மெக்கானிக் ஒரு பெரிய முடிவோட வீட்டுக்கு வந்தாரு. கையில இருக்கிற பாட்டில்ல ஒரு சொட்டு கூட பொண்டாட்டிக்குக் கொடுக்கறதில்ல.

ஊர்ல படுத்துக் கிடக்கிற பிரிட்ஜுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவரு அவரு. ஒரு ஓட்டல்ல குளிர் அறையைச் சரி பண்ணதுக்கு, முதலாளி மனசு குளிர்ந்து கொடுத்த பாட்டில் இது. டார்க் லாகர் பீர். கட்டங்காப்பி மாதிரி கருகருன்னு இருந்துச்சு. ஒரே பாட்டில், வீட்ல ரெண்டு வாய். தரமாட்டேன்னு நேரா சொல்ற தைரியம் அவரு பரம்பரையிலயே கிடையாது. அதனால பாடம் நடத்த ஆரம்பிச்சாரு.

இது மடக் மடக்குன்னு ஊத்திக்கிற சரக்கு இல்லையாம். ரொம்ப ஜில்லுனு இருந்தா வாசனை வெளிய வராதாம். கொஞ்ச நேரம் வெளிய வெச்சு, வெளிச்சத்துல பார்த்து, மோந்து, அப்புறம்தான் நாக்குல படணுமாம். ஜில்லுனு வைக்கிறதையே பொழைப்பா வெச்சிருக்கிற மனுஷன் பேசற பேச்சு இது. பேக்கரி அடுப்புல நாள் பூரா நின்னுட்டு வந்த பொண்டாட்டி, வேலைக் கோட்டைக் கூட கழட்டாம பவ்யமா கேட்டுக்கிட்டா.

"அப்ப மூக்குதான் முக்கியமா?"

"மூக்குதான் எல்லாம். மூக்கு சரியில்லாதவங்க இதைத் தொட்டா மகா பாவம். உனக்குப் போன வாரம் ஜலதோஷம் வேற."

"சரிங்க. யார் மூக்கு வேலை செய்யுதோ அவங்களுக்கே முழு பாட்டில்."

"பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். முதல்ல நீங்க மோந்து சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டா இன்னும் நல்லா தெரியும்ல?"

நல்ல சிஷ்யைதான்னு நெனச்சு, பாட்டிலை அவ கையில கொடுத்துட்டு கண்ணை மூடினாரு. என்னமோ மூக்குகிட்ட வந்துச்சு. இழுத்தாரு பாருங்க ஒரு இழுப்பு, ஜன்னல் திரை ஆடிப்போச்சு.

"ஆகா... சிவந்த ரொட்டி ஓரம். லேசா கருகின சர்க்கரை. அடியில கொக்கோ. இதைக் காய்ச்சின கைக்குத் தங்க வளையல் போடலாம்மா."

"எப்பப் போடறீங்க?"

கண்ணைத் திறந்தாரு. மூக்குக்கு நேரா அவளோட கோட்டுக் கை. காலையிலேருந்து அடுப்புக்குள்ள போய்ப் போய் வந்த கை. பாட்டில் மேஜை மேல மூடியோட நின்னுச்சு.

அப்புறம் அவ மூடியைத் திறந்தா. கிளாஸைச் சாய்ச்சு ஊத்தினா. நுரை பழுப்பா எழும்பிச்சு. வெளிச்சத்துல பார்த்தா, மோந்தா, சர்க்கரை கருகலைங்க, காய்ச்சினவங்க கருகறதுக்குள்ள எடுத்துட்டாங்கன்னு தீர்ப்பு சொல்லிட்டு, வாய் வாயா ரசிச்சுக் குடிச்சா. சொல்லிக் கொடுத்த மாதிரியே அவசரமே இல்லாம. இவருக்குக் கோவம் வரணும், வரலை. அவ மேலுதட்டு நுரையைப் பார்த்தா சிரிப்புதான் வருது.

எப்படி இருக்குன்னு நைசா கேட்டாரு. கடைசி வாயையும் முழுங்கிட்டு அவ கிளாஸை நீட்டினா.

"கழுவறதுக்கு முன்னாடி வேணும்னா மோந்துக்குங்க."